மலை மூடுபனியைக் கெடுக்காமல் அனிமேஷனை ஏற்றுமதி செய்ய எந்தக் கோடெக் பொருத்தம்?

கோத்தகிரிக்காரன் · ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உட்கார்ந்து, கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரப் பாதையில் ஏறும் பயணத்தை நான்கு நிமிட அனிமேஷனாகப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கியிருக்கிறேன். அளவு 1920-க்கு 1080 பிக்சல், நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 5760 ஃபிரேம்கள். என்னுடைய கணினியில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக (கணினி அதைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்க) சராசரியாக ஒன்றரை நிமிடம் பிடிக்கிறது; முழுப் படத்துக்கும் இரவு பகலாக ஆறு நாள் ஓட வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, நேரடியாக எம்பி4 கோப்பாகவே வெளிவரும்படி அமைத்துவிட்டு ரெண்டரைத் தொடங்கினேன். இருபத்திரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்ததால் மின்சாரம் போய்விட்டது. கோப்பு வட்டில் இருக்கிறது, அதன் அளவும் காட்டுகிறது, ஆனால் எந்த பிளேயரும் அதைத் திறக்க மறுக்கிறது. ஏறத்தாழ 880 ஃபிரேம்கள் அதற்குள் சிக்கியிருக்கின்றன.

இப்போது யுபிஎஸ் வாங்கி வைத்து, நாற்பது நொடிப் பகுதி ஒன்றை மட்டும் மீண்டும் எடுத்தேன். ஹில்குரோவ் நிலையத்துக்கும் ரன்னிமேடுக்கும் இடையே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலேறி வந்து பாலத்தை மறைக்கும் காட்சி அது. படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பிளெண்டரின் திரையில் பஞ்சுபோல் இருந்த பனி, எச்.264 என்ற கோடெக்கில் (காணொளியைச் சுருக்கும் முறையில்) எம்பி4 ஆனதும் கேரட் தோட்டத்துப் படிமட்டங்களைப் போல் வரிவரியாகத் தெரிகிறது. ரயில் நகரும்போது அந்த வரிகளும் சேர்ந்து ஊர்கின்றன.

இந்தப் படம் நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். ஒலியும் நிறமும் சரிசெய்வதற்காகக் கோவையில் இருக்கும் நண்பருக்கு, பென் டிரைவ் வழியாக எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு, பிறகு யூடியூபுக்கு, கடைசியாக உறவினர்களின் கைப்பேசிகளுக்கு. இந்த நான்குக்கும் பொருந்தும் ஒரே கோடெக் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

குன்னூர் ரேக் · ஞாயிறு, இரவு 10.05

தம்பி, திருமண வீடியோத் தொகுப்பில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் முதலில் மின்தடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கோடெக் எதுவாக இருந்தாலும் இது தீராமல் மற்றது தீராது.

எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைக் குறிக்கும் அட்டவணை ஒன்று உண்டு. அதை ‘மூவ்’ பெட்டி என்பார்கள். அந்த அட்டவணை பதிவு முழுவதும் முடிந்த பிறகே எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால் ஃபிரேம்களின் தரவு வட்டில் கிடக்கும், ஆனால் அதைப் படிப்பதற்கான வழிகாட்டி இருக்காது. அதனால்தான் உங்கள் கோப்பு திறக்க மறுக்கிறது. எம்கேவி என்ற கண்டெய்னர் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) இந்த விஷயத்தில் சற்றுத் தாங்கும். நின்ற இடம் வரையிலாவது பெரும்பாலும் இயங்கும். ஆயினும் அதுகூட உங்களுக்குச் சரியான வழி ஆகாது.

ரெண்டரை எப்போதும் படத்தொடராகவே வெளியே எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி பிஎன்ஜி கோப்பாக, 16 பிட் ஆழத்தில் விழட்டும். மின்சாரம் நின்றால் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு ஃபிரேம்தான் போகும். வெளியீட்டு அமைப்பில் ‘ஓவர்ரைட்’ என்பதை அணைத்துவிட்டால், மறுபடியும் தொடங்கும்போது ஏற்கெனவே இருக்கும் ஃபிரேம்களைப் பிளெண்டர் தாண்டிச் சென்றுவிடும். பாதி எழுதப்பட்ட அந்தக் கடைசிக் கோப்பை மட்டும் முதலில் அழித்துவிட மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குன்னூரில் கணினி வைத்து வேலை செய்பவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இடம் நிறையப் பிடிக்கும் என்பது உண்மை. பனி நிறைந்த 16 பிட் பிஎன்ஜி ஒன்று 8 மெகாபைட் என்று வைத்தால், 5760 ஃபிரேம்களுக்கு 46 கிகாபைட் ஆகும். ஆறு நாள் ரெண்டரோடு ஒப்பிட்டால் அந்த வட்டு இடம் மிகவும் மலிவானது.

கூடலூர் வாசி · ஞாயிறு, இரவு 10.48

மேலே சொன்னது சரி. கோடெக் பற்றிய கேள்விக்கு என் பதில் எச்.265. எச்.264 வந்தது 2003-இல், எச்.265 வந்தது 2013-இல். இடைப்பட்ட பத்து ஆண்டு வளர்ச்சி அதில் தெரிகிறது. எச்.264 படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது, எச்.265-இல் ஒரு கட்டம் 64-க்கு 64 வரை விரியலாம் என்பதால், வானம், பனி போன்ற அகன்ற பரப்புகளைக் குறைந்த தரவில் சொல்லிவிட முடிகிறது. அதே தரத்துக்குக் கோப்பின் அளவு ஏறக்குறைய பாதியாகும் என்பதை நோக்கமாக வைத்தே அதை உருவாக்கினார்கள். நான்கு இடங்களுக்கும் அதையே அனுப்பலாம்.

பழனிமலைச்சாரல் · திங்கள், காலை 6.30

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். பனியை வரைவதும் அதைக் கெடாமல் வெளியே அனுப்புவதும் என் வேலையின் பெரும்பகுதி என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

கூடலூர் நண்பர் சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். ஆனால் உங்கள் பனி வரிவரியாக ஆனதற்குக் காரணம் கோடெக்கின் வயது அன்று. முதல் காரணம் பிட் ஆழம். 8 பிட் காணொளியில் ஒவ்வொரு நிறத் தடத்திலும் 256 படிகள்தான் உண்டு. அடர்ந்த பனிக் காட்சியில் அந்த 256 படிகளையும் நீங்கள் பயன்படுத்துவதில்லை. பனி மிக வெளிர்ந்த பரப்பு, அதன் ஒளி திரையின் இடப்பக்கம் 180 என்று தொடங்கி வலப்பக்கம் 200 என்று முடியலாம். 1920 பிக்சல் அகலத்துக்கு இருபதே படிகள். ஒவ்வொரு படியும் 96 பிக்சல் அகலமுள்ள ஒரு பட்டையாக நிற்கும். நீங்கள் பார்த்த கேரட் தோட்டப் படிமட்டம் இதுதான். 10 பிட் என்றால் 1024 படிகள். அதே பனிக்கு எண்பது படிகள் கிடைக்கும், ஒரு பட்டையின் அகலம் 24 பிக்சலாகச் சுருங்கும், அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையிலான வேறுபாடும் நான்கில் ஒன்றாகும். கண் அதைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

இரண்டாவது காரணம், சுருக்கும் முறை. எச்.264, எச்.265, அவற்றுக்குப் பின் வந்த ஏவி1 எல்லாமே அடிப்படையில் ஒரே கொள்கையில் இயங்குகின்றன: படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைவரிசைகளின் கூட்டாக மாற்றி, கண்ணுக்கு முக்கியம் இல்லை என்று கருதும் நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்கி விடுகின்றன. தண்டவாளமும் பாலத்தின் இரும்பும் வலுவான விளிம்புகள் உள்ளவை; அவை தப்பித்துவிடும். பனி முழுவதுமே நுண்ணிய வேறுபாடுகளால் ஆனது. சோலைக்காட்டு மரத்துக்கும் அதன் முன்னால் நகரும் பனிக்கும் இடையே ஒளி இரண்டு மூன்று படிகள்தான் மாறும். அந்த இரண்டு மூன்றைத்தான் கோடெக் முதலில் கைவிடுகிறது. நம் மலைகளின் அழகு எதில் இருக்கிறதோ, அதையே தேவையற்றது என்று எண்ணி அகற்றும் முறை இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை. எச்.264-க்கான எக்ஸ்264 குறியாக்கியில் தரத்தைச் சிஆர்எஃப் என்ற எண்ணால் குறிப்பிடுகிறோம். 8 பிட்டில் 0 முதல் 51 வரை, இயல்பு மதிப்பு 23, எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆறு படிகள் இறக்கினால் கோப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். பனிக்கு 23 போதாது. 16 அல்லது 17 வைத்துப் பாருங்கள். அடுத்து, ‘டியூன் அனிமேஷன்’ என்ற விருப்பத்தைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் உடனே நீக்குங்கள். அது தட்டையான நிறமும் கறுப்புக் கோடும் கொண்ட கையோவியக் கார்ட்டூனுக்காக அமைக்கப்பட்டது. சமதளப் பரப்புகளுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கும் ‘அடாப்டிவ் குவாண்டைசேஷன்’ வலிமையை அது 1.0-லிருந்து 0.6 ஆகக் குறைத்துவிடுகிறது. உங்கள் பனிக்குத் தேவை நேர்மாறானது. அந்த வலிமையை 1.2 அல்லது 1.3 ஆக உயர்த்துங்கள். பாதையில் பதினாறு குகைகள் வருகின்றனவே, குகைக்குள் இன்ஜின் புகை சூழும் இருண்ட காட்சிகள் உங்கள் படத்தில் இருந்தால் அதே அமைப்பின் மூன்றாம் முறை உதவும். அது இருண்ட பகுதிகளின் பக்கம் சாய்வது.

மூன்றாவதாக, 8 பிட்டில் கொடுத்தே ஆக வேண்டிய இடங்களுக்கு, பனியின்மீது மிக மெல்லிய மணித்துகள் ஒன்றைக் கலந்துவிடுங்கள். பட்டையின் விளிம்பு சிதறிவிடுவதால் கண்ணுக்குப் பட்டையே தெரியாது. பிளெண்டரின் வெளியீட்டில் இருக்கும் ‘டிதர்’ இதே வேலையைச் செய்வதுதான், ஆனால் 23 போன்ற சிஆர்எஃப்-இல் குறியாக்கி அந்தத் துகளைத் துடைத்துப் பழையபடி பட்டையாக்கிவிடும்.

கூடலூர் வாசி · திங்கள், காலை 9.15

இதில் எனக்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. ரெண்டரில் வரும் இரைச்சல்தான் கோப்பைப் பெரிதாக்கும் முதல் எதிரி என்று இத்தனை காலமும் டீநாய்ஸ் (இரைச்சல் நீக்கம்) செய்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரைச்சல் புதிதாக விழுவதால், முந்தைய ஃபிரேமைப் பார்த்து இந்த ஃபிரேமை ஊகிக்கும் வேலை குறியாக்கிக்கு முடியாமல் போகிறது. இப்போது நீங்களே துகளைச் சேர்க்கச் சொல்கிறீர்கள்.

பழனிமலைச்சாரல் · திங்கள், காலை 11.40

உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டும் வேறு வேறு அளவைச் சேர்ந்தவை என்பதுதான் விடை. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் தரும் இரைச்சல், ஒளிக்கதிர் மாதிரிகள் போதாத இடங்களில், குறிப்பாகப் பனி, கண்ணாடி, நிழல் ஆகியவற்றில், பத்து இருபது படிகள்வரை தாறுமாறாகத் துள்ளும். அதை நீக்கியே ஆக வேண்டும். நான் சேர்க்கச் சொல்லும் துகள் ஒரு படி, மிஞ்சினால் ஒன்றரைப் படி அளவுக்கே ஏறி இறங்கும். திரைக்கு அருகில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. முதலில் டீநாய்ஸ், பிறகு தொகுப்பின் கடைசி நிலையில் துகள், என்ற வரிசை மாறக் கூடாது. கோப்பு பெரிதாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அனுபவத்தில் பனிக் காட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு கூடியது. கூடட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏவி1-இல் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு. குறியாக்கி துகளை எடுத்துவிட்டு, அதன் தன்மையை மட்டும் சில எண்களாக எழுதிவைக்கும். இயக்கும் கருவி அந்த எண்களைக் கொண்டு துகளைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

உதகை ஒளிப்பதிவு · திங்கள், பிற்பகல் 2.20

கோவை நண்பருக்கு என்ன அனுப்புவது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. தொகுப்பாளருக்கு எச்.264-ஐயோ எச்.265-ஐயோ அனுப்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலான ஃபிரேம்கள் தனித்து நிற்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து கணித்துக்கொள்ளப்படுபவை. தொகுப்பு மென்பொருளில் ஒரு ஃபிரேமில் நிற்பதற்குக்கூடக் கணினி பல ஃபிரேம்களை விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். நிறத்தைத் திருத்தும்போது ஏற்கெனவே கைவிடப்பட்ட நுண்மை திரும்பி வரவும் வராது. பனியின் மாறுபாட்டைச் சற்றே உயர்த்தினாலும் மறைந்திருந்த கட்டங்கள் மேலே வந்துவிடும். நண்பர் லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்துபவர் என்றால், அது எச்.264, எச்.265 கோப்புகளைத் திறப்பதே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவருக்கு உகந்தது புரோரெஸ் 422 எச்கியூ. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த இந்தக் கோடெக் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குகிறது, 10 பிட் ஆழம் கொண்டது, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றி மென்பொருள் வழியாக எந்தக் கணினியிலும் உருவாக்கலாம். அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் அதற்கு இணையானது. 1080 வரியில் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் புரோரெஸ் 422 எச்கியூ நொடிக்கு 176 மெகாபிட் எடுக்கும். நான்கு நிமிடத்துக்கு 5.28 கிகாபைட்.

இங்கே நம் மலையின் நடைமுறையும் சேர்ந்துகொள்கிறது. பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் மழைநாளில் இந்தக் கோப்பு போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகும், அதுவும் இணைப்பு அறுபடாமல் இருந்தால். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் பேருந்து அதற்குப் பாதி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். நான் பல ஆண்டுகளாகத் தெரிந்த நடத்துநர் வழியாகவும் ஊருக்குப் போகும் நண்பர்கள் வழியாகவும் வட்டைக் கொடுத்தனுப்பி வருகிறேன்; ஒருமுறைகூடத் தவறியதில்லை. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32-இல் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது.

கோத்தகிரிக்காரன் · செவ்வாய், இரவு 8.50

அனைவருக்கும் மிகுந்த நன்றி. ரெண்டரைப் பிஎன்ஜி தொடராக மீண்டும் தொடங்கிவிட்டேன். நேற்றிரவு இரண்டு முறை மின்சாரம் போய் வந்தும், அப்போது ஓடிக்கொண்டிருந்த ஃபிரேமைத் தவிர வேறு எதுவும் வீணாகவில்லை. கோவை நண்பருக்குப் புரோரெஸ் என்று முடிவு செய்துவிட்டேன்.

ரெண்டர் ஆகி முடிந்த நாற்பது நொடியை எஃப்எஃப்எம்பெக் மூலம் எச்.264 ஆக்கி, இன்று மாலை சமுதாயக் கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். ஒலி வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. என் கணினியில் அதே கோப்பு நன்றாக ஓடுகிறது. சிஆர்எஃப் 16 தவிர வேறு எதையும் நான் மாற்றவில்லை. திரைப்பட அகலம் வேண்டும் என்று உயரத்தை 817 பிக்சலாக வெட்டும் எண்ணமும் இருக்கிறது. இப்போதைக்கு முழு 1080 உயரத்திலேயே எடுத்தேன்.

குன்னூர் ரேக் · செவ்வாய், இரவு 9.35

தம்பி, அந்தக் கறுப்புத் திரை ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறது. அது நிற மாதிரி எடுக்கும் முறை.

பிஎன்ஜி படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுமையாக உண்டு. காணொளிக் கோடெக் அதை ஒளி ஒரு தடமாகவும் நிறம் இரண்டு தடங்களாகவும் மாற்றிக்கொள்கிறது. தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் எதிர்பார்ப்பது 4:2:0 முறை; அதில் ஒளி ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிறமோ இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். நீங்கள் எதுவும் சொல்லாமல் பிஎன்ஜி தொடரைக் கொடுத்தால், எஃப்எஃப்எம்பெக் நிறத்தைக் குறைக்காமல் 4:4:4 முறையிலேயே எச்.264 கோப்பை உண்டாக்கிவிடும், அதுவும் மூலம் 16 பிட் என்பதால் 10 பிட்டாகவும் ஆகியிருக்கக்கூடும். கணினியில் மென்பொருள் அதை விரித்துக் காட்டிவிடும். தொலைக்காட்சிக்குள் இருப்பது குறிப்பிட்ட வடிவங்களுக்காகவே செய்யப்பட்ட சில்லு; அதற்கு இந்த வடிவம் தெரியாது. பிக்சல் வடிவம் ‘ஒய்யுவி420பி’ என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், புரொஃபைல் (கோடெக்கின் எந்த வசதிகள் பயன்படும் என்ற வகை) ‘ஹை’, லெவல் 4.1 என்று வையுங்கள். 4:2:0-இல் இரண்டிரண்டு பிக்சலாகச் சேர்ப்பதால் அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருந்தாக வேண்டும்; நீங்கள் எண்ணும் 817 அதில் ஏற்கப்படாது. 816 என்று வெட்டினால் சரியாகிவிடும்.

கூடத்துத் தொலைக்காட்சி பழையது என்றால் எச்.265, ஏவி1 இரண்டையும் மறந்துவிடுங்கள். 8 பிட் எச்.264, எம்பி4, ஏஏசி ஒலி. இதை இயக்காத தொலைக்காட்சியை நான் எங்கள் பகுதியில் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. பென் டிரைவ் ஃபேட்32-இல் இருக்கட்டும். பழைய தொலைக்காட்சிகளில் பல எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை. கோவைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது.

பழனிமலைச்சாரல் · புதன், காலை 7.10

குன்னூர் ஐயா சொன்ன 4:2:0 பற்றி நான் பட்ட வருத்தம் ஒன்றைச் சேர்க்கிறேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது பார்த்ததை நினைவில் வைத்து, புல்வெளிச் சரிவு முழுவதும் பூ விரியும் காட்சி ஒன்றைச் செய்தேன். ஒவ்வொரு பூவும் திரையில் இரண்டு மூன்று பிக்சல் அளவுதான். ஏற்றுமதி செய்ததும் ஊதா நிறம் பச்சைக்குள் கரைந்து சரிவு முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. ஒளியளவு நெருக்கமாகவும் நிறம் மட்டும் வேறாகவும் இருக்கும் சிறிய பொருள்களை 4:2:0 தாங்காது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பூக்களின் ஒளியைப் புல்லைவிடச் சற்று உயர்த்தி, விளிம்பில் நிழல் சேர்த்த பிறகே அவை மீண்டும் பூக்களாகத் தெரிந்தன. உங்கள் ரயிலின் நீலமும் பாலாடை நிறமும் பெரிய பரப்புகள் என்பதால் கவலை இல்லை. பெயர் எழுத்துகளைப் பச்சைத் தேயிலைச் சரிவின்மீது சிவப்பில் வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வெள்ளை எழுத்தும் கறுத்த நிழலும் பாதுகாப்பானவை.

இன்னொன்று, நிறக் குறியீடு. பிஎன்ஜியிலிருந்து மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக் இயல்பாகப் பயன்படுத்துவது பழைய பிடி.601 கணக்கு, உயர்தெளிவுக் காணொளியை இயக்கும் கருவிகளோ பிடி.709 என்று எடுத்துக்கொள்கின்றன. அதனால் பச்சையும் சிவப்பும் சற்றே பிசகிவிடும். தேயிலைக் கொழுந்தின் பச்சைக்கும் முற்றிய இலையின் பச்சைக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும் அல்லவா, அந்த அளவுக்குப் பிசகும். மாற்றும் கணக்கையும் பிடி.709 ஆக்க வேண்டும், கோப்பின் தலைப்பிலும் பிடி.709 என்று குறிக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயன் இல்லை.

கூடலூர் வாசி · புதன், பிற்பகல் 1.05

நான் முதலில் ‘நான்கு இடங்களுக்கும் எச்.265’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் கைப்பேசியும் கணினியும் புதியவை என்பதால் எல்லோரிடமும் அப்படியே ஓடும் என்று எண்ணிவிட்டேன். எச்.265-க்குக் காப்புரிமைக் கட்டணம் வாங்கும் அமைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதால், உலாவிகள் அதை ஒரே மாதிரி ஏற்கவில்லை. விண்டோஸ் கணினிகள் பலவற்றிலும் தனி நீட்சி ஒன்றை நிறுவ வேண்டியிருக்கிறது. அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே கூகுள், மோசில்லா உள்ளிட்ட நிறுவனங்கள் 2015-இல் ஒன்றுகூடி, 2018-இல் கட்டணம் இல்லாத ஏவி1-ஐ வெளியிட்டன.

ஆனாலும் பழனிமலைச் சகோதரி வலியுறுத்தும் 10 பிட் வேண்டுமென்றால், அதற்கு எச்.264 ஏற்றதாகாது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 10 பிட் எச்.264-ஐ வன்பொருளில் விரிக்கும் கருவிகள் அரிது. எச்.265-இன் ‘மெயின் 10’ புரொஃபைலை ஏராளமான கருவிகள் ஏற்கின்றன. ஏவி1-இன் அடிப்படைப் புரொஃபைலிலேயே 10 பிட் அடங்கியிருப்பதால், ஏவி1 ஓடும் இடத்தில் 10 பிட்டும் ஓடும். புதிய கைப்பேசி வைத்திருக்கும் உறவினர்களுக்கு 10 பிட் எச்.265 ஒன்று, மற்றவர்களுக்கு 8 பிட் எச்.264 ஒன்று என்று செய்யலாம். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் மறுபடியும் சுருக்கப்பட்டுவிடும். ஆவணமாக இணைத்தால் 2 கிகாபைட் வரை உள்ளபடியே போகும்.

யூடியூப் பற்றி. 1080 வரி, நொடிக்கு 24 முதல் 30 ஃபிரேமுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நான்கு நிமிடத்துக்கு 240 மெகாபைட். எப்படியும் அவர்கள் மறுபடியும் சுருக்குவார்கள் என்பதால், சுருக்கியதையே சுருக்கக் கொடுக்காமல் அதைவிடத் தாராளமாகக் கொடுப்பதே நல்லது. பனிக்கு இன்னொரு வழியும் உண்டு. 1080 வரிப் படத்தையே 2160 வரிக்குப் பெரிதாக்கி, நொடிக்கு 40 மெகாபிட் அளவில் ஏற்றுங்கள். அந்தத் தெளிவுக்கு அவர்கள் விபி9 (கூகுளின் கோடெக்) அல்லது ஏவி1-இல் கூடுதல் பிட்ரேட் ஒதுக்குவதால், 4கே தெரிவு செய்து பார்ப்பவர்களுக்குப் பனி உடையாமல் கிடைக்கும். கோப்பு 1.2 கிகாபைட் ஆகும். 2 மெகாபிட் வேகத்தில் எண்பது நிமிடம். குன்னூர் அண்ணன் சொன்ன ‘மூவ்’ அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தும் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள்.

கேத்தி மாணவி · புதன், மாலை 6.20

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தொடர்புள்ள ஒரு சிறு கேள்வி. பின்னணி இல்லாத தலைப்பு எழுத்து அனிமேஷனை, வேறொருவரின் படத்தின்மீது ஒட்டும்படி கொடுக்க வேண்டும். எச்.264-இல் பின்னணி கறுப்பாகிவிடுகிறது. என்ன செய்யலாம், அக்கா?

பழனிமலைச்சாரல் · புதன், இரவு 8.00

எச்.264-இல் ஒளிபுகு தடத்தை எழுத நடைமுறையில் வழி இல்லை, தங்கையே. தொகுப்பாளருக்கு என்றால் புரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி தொடர், இணையப் பக்கத்துக்கு என்றால் வெப்எம் கண்டெய்னரில் விபி9. பிளெண்டரில் ‘டிரான்ஸ்பரன்ட்’ பின்னணியைத் தேர்ந்து, நிற முறையை ஆர்ஜிபிஏ (நிறத்தோடு ஒளிபுகு தடமும் சேர்ந்தது) ஆக்க மறவாதே. எழுத்தின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு தெரிந்தால், ஒளிபுகு மதிப்பு நிறத்தோடு முன்பே பெருக்கப்பட்டிருக்கிறதா என்று பெறுபவரின் மென்பொருளில் பார்க்கச் சொல். பிஎன்ஜியில் பெருக்காமலும் ஓப்பன்இஎக்ஸ்ஆர் படக்கோப்பில் பெருக்கியும் எழுதுவது வழக்கம்.

உதகை ஒளிப்பதிவு · வியாழன், காலை 10.30

கோத்தகிரி நண்பருக்கு: எல்லாம் முடிந்த பிறகு அந்த 46 கிகாபைட் பிஎன்ஜி தொடரை அழித்துவிட வேண்டாம். இடம் நெருக்கினால், எம்கேவி கண்டெய்னரில் எஃப்எஃப்வி1 கோடெக்காக மாற்றி வையுங்கள். இழப்பே இல்லாத சுருக்கம்; 16 பிட் ஆழத்தையும் அப்படியே காக்கும். அதன் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு ஃபிரேமின் துண்டுகளுக்கும் தனிச் சரிபார்ப்பு எண் எழுத முடிவதால், வட்டில் எங்கேனும் பழுது விழுந்தால் எந்த ஃபிரேம் என்று கண்டுபிடித்து அதை மட்டும் மீண்டும் ரெண்டர் செய்யலாம். அதன் விவரக்குறிப்பு 2021-இல் ஆர்எஃப்சி 9043 என்று பொதுவில் வெளியாகியிருக்கிறது. மாற்றிய பிறகு ஒருமுறை திரும்பப் பிரித்து, மூலத்தோடு பிக்சல் பிக்சலாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே பிஎன்ஜியில் கை வையுங்கள். மலை ஈரத்தில் கெட்டுப்போன வன்வட்டும் பூஞ்சை பிடித்த கேமரா லென்ஸும் என்னிடம் நிறைய உண்டு, அதனால் இரண்டு பிரதிகள் வைத்து, ஒன்றையாவது கீழே சமவெளியில் யாரிடமாவது கொடுத்து வைக்கிறேன்.

கோத்தகிரிக்காரன் · அடுத்த புதன், இரவு 9.40

ரெண்டர் நேற்று முன்தினம் முடிந்தது. ஆறு நாளில் மின்சாரம் ஏழு முறை நின்றது. பாதி எழுதப்பட்ட ஏழு பிஎன்ஜிகளை அழித்து மீண்டும் எடுத்தேன், அவ்வளவே இழப்பு. புரோரெஸ் கோப்பு நேற்று காலைப் பேருந்தில் கோவைக்குப் போய், மதியம் நண்பரின் கையில் சேர்ந்துவிட்டது. பனியின் மாறுபாட்டை எவ்வளவு உயர்த்தினாலும் கட்டங்கள் எழவில்லை என்று அவர் சொன்னார்.

அவருடைய திருத்தம் வரும்வரை காத்திராமல், கூடத்துக்கான பிரதியை மட்டும் இன்று செய்து பார்த்தேன். 8 பிட், 4:2:0, சிஆர்எஃப் 16, அடாப்டிவ் குவாண்டைசேஷன் வலிமை 1.3, டியூன் எதுவும் இல்லை, இரண்டு கணக்கிலும் பிடி.709, பனிக் காட்சிகளில் ஒரு படித் துகள். கோப்பு 410 மெகாபைட். மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் போட்டோம். ஹில்குரோவ் தாண்டியதும் பனி ஏறி வந்து பாலத்தை மூடியது. அருகில் போய்ப் பார்த்தபோது வலது மேல் மூலையில், வானம் மிக வெளுத்த இடத்தில், இரண்டு வரிகள் மட்டும் இன்னும் மெலிதாகத் தெரிகின்றன. பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவை தெரியவில்லை. என் தாத்தா அந்தப் பாதையில் வேலை செய்தவர். ரயில் பனிக்குள் நுழைந்ததும் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து அமர்ந்தார்.

அந்த மூலையில் மட்டும் துகளை ஒன்றரைப் படியாக உயர்த்தி, சிஆர்எஃப்-ஐ 15 ஆக்கி இன்றிரவு மீண்டும் எடுக்கிறேன். யூடியூப் பிரதியைக் கோவைத் திருத்தம் வந்த பிறகு 2160 வரியில் ஏற்றுவேன்.